ஒரே மாதிரி இரண்டு எஸ்யூவி: எதை வீட்டுக்குக் கொண்டுவருவது?

ஷோரூமில் நான் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தபோது விற்பனையாளரின் முகத்தில் ஒரு நொடி குழப்பம் வந்து போனது. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம், அதன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டேன். பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம் இது. இதற்கு முன் வாங்கிய வண்டியின் டிக்கி, போட்டி வண்டியுடையதைவிட 40 லிட்டர் பெரியது என்று காகிதத்தில் படித்து மகிழ்ந்துபோனேன். வண்டி வந்த மறுநாள் குழந்தையின் தள்ளுவண்டியை மடித்து வைக்கப் போனால் அது நுழையவில்லை. உள்ளே இடம் தாராளமாக இருந்தது. வாய்தான் கீழ்ப்பக்கம் குறுகல். ஒவ்வொரு முறையும் தள்ளுவண்டியின் சக்கரங்களைக் கழற்றித்தான் ஏற்ற முடிந்தது. மூன்று வருடம் அப்படியே ஓடியது.

குடும்ப எஸ்யூவிகள் இப்போது ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கிவிட்டன. 1994-இல் டொயோட்டா ராவ்4, அடுத்த ஆண்டு ஹோண்டா சிஆர்-வி என்று வந்த காலத்தில், லாரி போலத் தனிச் சட்டகம் வைக்காமல் காரைப் போல ஒரே கூடாகக் கட்டிய உயரமான வண்டி என்பது அரிதான விஷயம். இன்று குடும்பத்துக்கென்று விற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். சில ஜோடிகள் உடன்பிறப்புகளே. ஹூண்டாய் டூசானும் கியா ஸ்போர்ட்டேஜும் ஒரே அடித்தளத்தில் கட்டப்படுபவை. முகமும் உள் அலங்காரமும் வேறு. கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் பல ஒன்றே. ஆகவே ‘இரண்டில் எது நல்ல வண்டி?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது, இரண்டும் நல்ல வண்டியாகத்தான் இருக்கும். எங்கே வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு நம் வீட்டுக்கு ஒரு பொருட்டா என்று கேட்டால் கிடைக்கும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போகின்றன.

முதல் படி: வண்டியை விடுங்கள், வீட்டைப் பற்றி எழுதுங்கள்

இப்போது வைத்திருக்கும் வாகனத்தில் ஒரு வாரம் எங்கெல்லாம் போகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு தூரம், என்ன சாமான் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். வாகனமே இல்லையென்றால் பஸ்ஸிலும் வாடகை வண்டியிலும் போனதை எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மலைப் பாதைகளையும் நீண்ட நெடுஞ்சாலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு எஸ்யூவி தேடுகிறோம். தாளில் பெரும்பாலும் பள்ளியும் அலுவலகமும் காய்கறியும்தான் இருக்கும்.

இந்தத் தாளில் மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, சராசரிப் பயணம் எத்தனை கிலோமீட்டர். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டுக்குப் புதிய டீசல் வண்டி பொருந்தாது. அதன் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நன்றாகச் சூடேற வேண்டும்; குட்டிப் பயணங்களில் அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும். இரண்டு, பின் இருக்கையில் அடிக்கடி உட்காரப்போவது யார்: குழந்தை இருக்கையா, வளர்ந்த பிள்ளைகளா, முழங்கால் வலியுள்ள பெரியவர்களா. மூன்று, வண்டி நிற்கப்போகும் இடத்தின் நீள அகலம். விளம்பரக் கையேட்டில் உள்ள அகலம் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. கண்ணாடியையும் கதவு திறக்கும் இடத்தையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே படிநிலையை ஒப்பிடுங்கள்

சிறிய தந்திரம் ஒன்று எல்லா ஷோரூமிலும் நடக்கிறது. விலையைக் கேட்டால் அடிப்படை வேரியன்டின், அதாவது அந்த மாடலில் வசதிகள் மிகக் குறைந்த படிநிலையின், விலையைச் சொல்வார்கள். ஓட்டிப் பார்க்க உச்ச வேரியன்டைத் தருவார்கள். முதல் வண்டியின் நடு வேரியன்டை இரண்டாவதன் உச்ச வேரியன்டோடு வைத்துப் பார்த்தால் அந்த ஒப்பீடு எதற்கும் உதவாது. நீங்கள் உண்மையில் வாங்கக்கூடிய ஒரே ஒரு வேரியன்டை இரண்டு வண்டிகளிலும் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சக்கரத்தின் அளவு இங்கேதான் மாறும். கீழ் வேரியன்டில் 225/65 ஆர்17, மேல் வேரியன்டில் 235/55 ஆர்19 என்று இருக்கலாம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் டயர் மாட்டும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச் சுவர் சுமார் 146 மில்லிமீட்டர், இரண்டாவதுடையது சுமார் 129. பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் அந்த 17 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டன. பெரிய சக்கரம் படத்தில் அழகாக இருக்கும். சாலை மோசமாக இருக்கும் ஊரில் வசிப்பவருக்கு நான் சிறிய சக்கரத்தையே சொல்வேன். டயர் மாற்றும் செலவும் குறையும்.

மூன்றாம் படி: ஒன்றாக இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்

இரண்டு வண்டிகளின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதை ஒரு கோட்டால் அடித்துக்கொண்டே வாருங்கள். ஏர்பேக் எண்ணிக்கை, பின்புறக் கேமரா, தானியங்கி விளக்கு என்று பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது பத்துப் பதினைந்து வரிகள்தான் இருக்கும். அவற்றையும் முதல் படியில் எழுதிய தாளோடு பொருத்திப் பாருங்கள். இருக்கைக்குக் குளிரூட்டம் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. சரி, நம் பயணம் நாலு கிலோமீட்டர் என்றால் அதையும் அடிக்கலாம்.

அடிக்கும்போது எண்களின் அளவுமுறை ஒன்றுதானா என்று பார்ப்பது அவசியம். ஒரு கையேட்டில் ‘திரும்பும் ஆரம் 5.5 மீட்டர்’ என்றும், இன்னொன்றில் ‘திரும்பும் வட்டம் 11 மீட்டர்’ என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. கிரவுண்ட் கிளியரன்ஸை, அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை, சிலர் ஆளில்லாத வண்டியில் அளக்கிறார்கள், சிலர் முழுச் சுமையோடு. டிக்கி லிட்டர் கணக்கு இன்னும் மோசம். ஜெர்மானிய முறையில் 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் கொண்ட கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். அதையே ஜன்னல் உயரம் வரை அடுக்குவதா, கூரை வரை அடுக்குவதா, தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்ப்பதா என்பதில் நூறு லிட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வந்துவிடும். நான் ஏமாந்த 40 லிட்டர் எந்தக் குழியில் இருந்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

நான்காம் படி: நாடாவையும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். இரண்டு ஷோரூமிலும் ஒரு மணி நேரமாவது நின்ற வண்டியோடு செலவிட வேண்டும். வீட்டில் வயதில் மூத்தவரையும் இளையவரையும் அழைத்துப் போங்கள். தள்ளுவண்டி, குழந்தை இருக்கை, வழக்கமான பெரிய பெட்டி ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, பெரிய தொகைக்குப் பொருள் வாங்கப் போகிறோம்.

என் அம்மா முதல் வண்டியில் ஏறியபோது மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, அப்படியே நின்றுவிட்டார். இருக்கை உயரம் அதிகம். கதவுக்குக் கீழே உள்ள பக்கப் பட்டையும் அகலம் என்பதால் கால் அதைத் தாண்டியாக வேண்டியிருந்தது. இரண்டாவது வண்டியில் இடுப்பை வைத்து உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டுக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸில் பெரிய வித்தியாசம் இல்லை. இருக்கை உயரத்தை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. உட்காருபவரின் தொடை நடுப்பகுதியை ஒட்டி இருக்கை வந்தால் ஏறுவதும் இறங்குவதும் சுலபம். இறங்குவதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது தெரியாத சிரமம் இறங்கும்போது தெரியும்.

பின் இருக்கைக்கு இன்னொரு சோதனை. ஓட்டுபவர் தன் வசதிக்கு முன் இருக்கையைச் சரிசெய்துகொண்ட பிறகு, அதே ஆள் இறங்கிப் பின்னால் போய் உட்கார வேண்டும். முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே எத்தனை விரல் இடம்? முன் இருக்கைக்கு அடியில் பாதம் நுழைகிறதா? தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா, அல்லது முழங்கால் மேலெழும்பி நிற்கிறதா? சன்ரூஃப் உள்ள வேரியன்டில் தலைக்கு மேல் உள்ள இடம் குறைவதையும் இதே மூச்சில் பார்த்துவிடலாம். நடுவில் மூன்றாவது ஆளை உட்கார வைத்துத் தோள்கள் இடிக்கின்றனவா என்று கேளுங்கள்.

குழந்தை இருக்கை வைப்பவர்கள், பின் இருக்கையின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டு, குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் வளையங்களைத் தடவிப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்கள், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். சில வண்டிகளில் சின்ன மூடியைத் திறந்தால் பளிச்சென்று கைக்கு வரும். சிலவற்றில் மெத்தைக்குள் புதைந்து நகம் உடையும். உங்கள் குழந்தை இருக்கையை ஒரு முறை மாட்டி, கழற்றி, கதவைச் சாத்தினால் வேறு யாருடைய கருத்தும் வேண்டியதில்லை.

ஏழு இருக்கை என்றால் ஒரு கூட்டல் கணக்கு. ஆளுக்கு 70 கிலோ என்றாலே ஏழு பேருக்கு 490 கிலோ. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். வெற்று எடையில் ஓட்டுநரைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு பேரோடு பெட்டி வைக்க எவ்வளவு எடை மிஞ்சுகிறது என்பது அப்போது தெரியும்.

டிக்கியைத் திறந்த கையோடு ஸ்டெப்னியையும் தேடுங்கள். ஒரே மாடலின் பெட்ரோல் வண்டியில் ஸ்டெப்னியும், ஹைப்ரிட் (இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த) வண்டியில் பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் குட்டி இயந்திரமும் மட்டும் இருப்பது உண்டு. பக்கச் சுவர் கிழிந்த டயரைப் பசை காப்பாற்றாது. ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் பொதுவாக அதன் வேக எல்லை 80 கிலோமீட்டர்தான்.

ஐந்தாம் படி: நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள்

மோதல் பாதுகாப்புச் சோதனையில் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் என்று சொல்லிவிட்டு விற்பனையாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 1997-இல் சோதனை முடிவுகளை வெளியிடத் தொடங்கியதிலிருந்து விதிகளை அடிக்கடி இறுக்கிக்கொண்டே வருகிறது. எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஐந்தும் போன வருடம் வாங்கிய ஐந்தும் ஒன்றல்ல. நட்சத்திரத்தைவிட உள்ளே இருக்கும் தனித்தனி மதிப்பெண்கள் பயனுள்ளவை: பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்கு, பாதசாரி போன்ற சாலையில் செல்பவர்களுக்கு, பாதுகாப்பு உதவிக் கருவிகளுக்கு என்று நான்கும் 2025 வரை சோதித்த வண்டிகளுக்குத் தனியாகவே தரப்பட்டன. சோதனை செய்த வண்டியில் இருந்த கருவிகள் நீங்கள் வாங்கும் வேரியன்டில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். மோதலுக்கு முன் தானாக பிரேக் போடும் கருவி மேல் வேரியன்டில் மட்டும் வருவது பல சந்தைகளில் உண்டு.

ஆறாம் படி: இன்ஜின், கியர், மைலேஜ்

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை. சேறு, பனி, செங்குத்தான மண் பாதை தாளில் இல்லையென்றால் வேண்டாம். அது வண்டியை நகர்த்த உதவும். பிரேக் போட்டால் நிறுத்த உதவாது. எடையும் எரிபொருளும் கூடும்.

தானியங்கி கியர்களில் மூன்று வகை அடிக்கடி எதிர்ப்படும். வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் (திரவம் வழியாக இன்ஜினின் விசையைக் கடத்துவது) நெரிசலில் உலுக்கல் இல்லாமல் நகரும். இரட்டை கிளட்ச் கியர் திறந்த சாலையில் மின்னல். ஊர்ந்து போகும்போது சிலவற்றில் சிறு உதறல் இருக்கும். தனித்தனிக் கியர் படிகள் இல்லாத சிவிடி மிருதுவானது, ஆனால் பெடலை அழுத்தினால் முதலில் இன்ஜின் உறுமும், பிறகுதான் வண்டி வேகம் எடுக்கும். ஹைப்ரிட் நின்று நின்று போகும் நகரத்தில்தான் பணத்தை மிச்சப்படுத்தும், ஏனென்றால் பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரிக்குத் திருப்புகிறது. ஒரே வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் அந்தச் சாதகம் சுருங்கிவிடும்.

மைலேஜ் எண்ணும் நம்மை ஏமாற்றக்கூடியது. லிட்டருக்கு 12, 15 என்று இரண்டு வண்டிகள். 1000 கிலோமீட்டருக்கு முதலாவது 83 லிட்டர், இரண்டாவது 67 லிட்டர் குடிக்கும். வித்தியாசம் 16 லிட்டருக்கு மேல். இன்னொரு ஜோடி 20, 23. அதே மூன்றுதான் வித்தியாசம், ஆனால் மிச்சம் ஆறரை லிட்டர் மட்டும். ஆகவே உங்கள் மாத ஓட்டத்துக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்த பிறகே விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். கையேட்டின் எண் ஆய்வகத்தில் எடுத்தது. உங்கள் காலில் அது வராது. இரண்டும் ஒரே சோதனை முறையில் எடுக்கப்பட்டிருந்தால் ஒப்பிட மட்டும் பயன்படும்.

ஏழாம் படி: ஓட்டிப் பார்ப்பது

ஒரே நாள், ஒரே பாதை, அதே ஆட்கள். இடையில் ஒரு வாரம் போனால் முதல் வண்டியின் உணர்வு மறந்து, அதன் நிறம் மட்டும் நினைவில் இருக்கும். ஷோரூம் சொல்லும் வழவழப்பான சாலையில் ஒரு சுற்று என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உடைந்த சாலை, செங்குத்து ஏற்றம், நெருக்கடியான இடத்தில் முழுத் திருப்பம், சற்று வேகமான சாலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாலு பேரோடும் ஏசியோடும் ஓட்டுங்கள்.

கிளம்பும் முன் டயர் காற்றழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து ஏற்றி அனுப்பும்போது அதிகமாகக் காற்றடிப்பது வழக்கம். அதைக் குறைக்காமலே விட்டுவிட்டால் நல்ல சஸ்பென்ஷன்கூடக் கட்டைவண்டியைப் போல இடிக்கும். நானே ஒரு வண்டியை இந்தக் காரணத்தால் தவறாகக் கழித்துவிட இருந்தேன்; கூட வந்த மெக்கானிக் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பாதி தூரம் வேறு ஒருவரை ஓட்டவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். குடும்ப வண்டியில் பெரும்பாலானோர் உட்காரப்போவது அங்கேதான், அதைச் சோதிப்பவர்களோ குறைவு. ஏசிக் காற்று வருகிறதா, பின்சக்கரச் சத்தம் காதில் விழுகிறதா, வளைவில் உடல் எவ்வளவு சாய்கிறது, பிள்ளைக்குக் குமட்டுமா என்பதெல்லாம் முன்னால் தெரியாது.

ஓட்டும்போது ஏசி வெப்பநிலையை இரண்டு புள்ளி குறைத்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும், யாரும் சாலையைப் பார்க்காமலே. தொடுதிரையில் மூன்று பக்கம் புரட்டினால்தான் ஏசி கிடைக்கும் என்றால் எனக்கு அந்த வண்டி வேண்டாம். திருகும் குமிழ் இன்னும் பழசாகிவிடவில்லை. யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்ற சில அடிப்படை வேலைகளுக்குத் தனிப் பொத்தான்களை எதிர்பார்க்கிறது.

முடிந்தால் இருட்டிய பிறகு ஒரு முறை ஓட்டுங்கள். ஹெட்லைட்டின் வீச்சை வேறெப்படியும் அறிய முடியாது.

எட்டாம் படி: வாங்கிய பிறகு ஆகும் செலவு

இரண்டுக்கும் ஒரே கணக்கு: வாங்கும் மொத்தத் தொகை, அதிலிருந்து ஐந்து வருடம் கழித்து விற்றால் கிடைக்கக்கூடியதைக் கழியுங்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ், எரிபொருள், ஒரு செட் டயர் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மறுவிற்பனை மதிப்புக்கு, அதே மாடலின் ஐந்து வயது வண்டிகள் இப்போது என்ன விலைக்குப் போகின்றன என்று பழைய வண்டி விற்பவர்களிடம் கேளுங்கள். முன் பம்பர், ஒரு ஹெட்லைட், ஒரு பக்கக் கண்ணாடி, இந்த மூன்றின் விலையையும் இரண்டு சர்வீஸ் மையங்களிலும் விசாரியுங்கள். முதலில் அடிபடுபவை இவைதான், எல்.இ.டி. ஹெட்லைட்டின் விலை பலரைத் திடுக்கிட வைக்கும். உத்தரவாதத்தில் வருடமும் கிலோமீட்டரும் சேர்ந்திருக்கும். எது முந்துகிறதோ அதோடு அது முடியும்.

புதிய தலைமுறை சில மாதங்களில் வரப்போகிறதா என்றும் கேட்டுவையுங்கள். வரப்போகும் வண்டியின் பழைய வடிவத்தை வாங்குவது தவறில்லை, தள்ளுபடி கணிசமாக இருந்தால்.

இத்தனைக்குப் பிறகும் முடிவு வரவில்லையென்றால் இரண்டும் உங்களுக்குச் சமம். அப்போது வீட்டுக்கு அருகில் நல்ல சர்வீஸ் மையம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் பிடித்ததை எடுத்தாலும் தவறில்லை.

வண்டியை எடுக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பணம் முழுவதும் கட்டும் முன், காகிதத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்; 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. வண்டி எத்தனை நாள் கிடங்கில் நின்றது என்பதை அதுவும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் பாருங்கள். இரண்டு சாவியும் வேலை செய்கின்றனவா என்று தனித்தனியே அழுத்துங்கள். எல்லா ஜன்னலையும் இறக்கி ஏற்றுங்கள், பின் இருக்கைகளை ஒரு முறை மடித்து நிமிர்த்துங்கள். ஷோரூமை விட்டு வெளியே வந்ததும், படமெடுத்து அனுப்புவதற்கு முன்பே, டயர் காற்றை ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.